ரோட்டில் உப்பு போடாத ஊரில் பிரேக் பைப் ஏன் அரிக்கிறது?

வண்டி கேள்வி - பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். 2006 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். ஆர்.சி. புதுப்பிப்பதற்காக வண்டியை வேலைக்கு விட்டேன். பின்பக்கம் போகும் பிரேக் பைப் அரித்துவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கனடாவில் இருக்கும் மகனிடம் சொன்னேன். "அப்பா, இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், அதனால் பழைய கார்களில் பிரேக் பைப் போகும். குளச்சலில் யார் உப்பு கொட்டுகிறார்கள்?" என்று கேட்கிறான். மெக்கானிக் என்னிடம் காசு பிடுங்கப் பார்க்கிறாரா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: இல்லை சார். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

மகன் சொல்வதும் உண்மைதான். பனி விழும் நாடுகளில் ரோட்டில் தண்ணீர் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உப்பு கலந்தால் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது, அதற்காகத் தூவுகிறார்கள். அந்த உப்புச் சேறு டயர் சுற்றும் வேகத்தில் காரின் வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். 2015-ல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், குளிர் மாநிலங்களில் 2007 மாடலும் அதற்கு முந்தியதுமான வண்டி வைத்திருக்கும் எல்லோரும் அடிப்பாகத்தைக் கழுவி, பிரேக் பைப்பைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எச்சரிக்கையே விட்டது. ஏழெட்டு பனிக்காலம் பார்த்த வண்டி என்றால் கவனம் தேவை என்பது அவர்கள் கணக்கு.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே ரோட்டில் யாரும் உப்பு கொட்டுவதில்லை. ஆனால் சிந்துகிறது. விடிகாலையில் குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ துறைமுகத்திலிருந்து கிளம்பும் மீன் வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வழி நெடுக ஒழுகிக்கொண்டே போகும். அதன்மேல்தான் நாம் ஓட்டுகிறோம். ஆனி ஆடியில் கடல் பொங்கினால் கரையோரத் தெருவுக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிடுகிறது. இது போக, காற்று. கடற்கரை ஊர்களில் ஒரு நாள் துடைக்காமல் விட்ட கண்ணாடி மங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படலம் வண்டியின் அடியிலும் படிகிறது. அங்கே யார் துடைக்கிறார்கள்?

இன்னொன்று. உப்பு காய்ந்து கிடந்தால் பெரிதாக அரிக்காது. ஈரம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூட வேண்டாம். மழைநாளில் சமையலறை உப்புச் சாடி நசநசவென்று ஆகிறதே, அதுதான். நமக்கோ ஒரு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். கனடாவில் உப்புக்குப் பனிக்காலத்தில்தான் வேலை. நம் கடலோரத்தில் அது பன்னிரண்டு மாசமும் வேலை செய்கிறது. மகனிடம் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பிரேக் பைப் என்பது எவ்வளவு மெல்லியது என்று பலருக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களில் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர். இரும்புச் சுவரின் கனம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். டயரில் நாம் முப்பது பவுண்டு காற்று அடிக்கிறோம். அவசரத்தில் பிரேக்கை அமுக்கி மிதித்தால் இந்தச் சின்னக் குழாய்க்குள் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். மெதுவாக மிதிக்கும்போதெல்லாம் தாங்கிக்கொண்டு, குழந்தை குறுக்கே ஓடிவரும் அந்த ஒரு நொடியில் பைப் வெடிப்பது இதனால்தான்.

என் பட்டறையில் ஆணியில் ஒரு பைப் துண்டு தொங்குகிறது. விரல் நீளம்தான். 2011-ல் மீன் வியாபாரி ஒருவருடைய ஆம்னி வேனிலிருந்து கழற்றியது. அந்த வண்டியை அதற்கு மூன்று வாரம் முன்பு நான்தான் ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தேன். அடியெல்லாம் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தது, பைப்பும் கறுப்பாக வழவழவென்று இருந்தது. நல்லாயிருக்கு என்று அனுப்பிவிட்டேன். பார்வதிபுரம் சந்திப்பில் அவருக்குப் பெடல் அப்படியே தரைக்குப் போய்விட்டது. பிரேக்கில் இரண்டு பாதை உண்டு என்பதால் மிச்சமிருந்த பாதை கொஞ்சம் பிடித்தது, அவர் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கழற்றிப் பார்த்தபோது, பைப்பை பாடியோடு பிடித்து வைக்கும் கிளிப் இருக்கிறதே, அதற்கு அடியில் மட்டும் ஓர் அங்குல நீளத்துக்கு வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நின்றது. நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை. கிளிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பைப் புதுசு மாதிரி. அன்றிலிருந்து கிளிப்பைக் கழற்றாமல் நான் எந்தப் பழைய வண்டிக்கும் "நல்லாயிருக்கு" என்று சொல்வதில்லை.

ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: "தம்பி, எங்கே அரித்திருக்கிறது, காட்டுங்கள்." உண்மையான ஆள் கோபப்பட மாட்டார். கிளிப் பிடித்திருக்கும் இடங்கள், பெட்ரோல் டேங்குக்கு மேலே போகும் வளைவு, பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் நட்டு சேரும் இடம், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடுகிற செம்பழுப்பு நிறம் மேல்துரு, அதற்குப் பயப்பட வேண்டாம். கொப்புளம் மாதிரி பொங்கியிருந்தாலோ, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தாலோ, அந்த இடம் ஈரமாக இருந்தாலோ, அதோடு முடிந்தது. மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள். பார்ப்பதற்கு வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்க வேண்டாம். ஸ்டாண்ட் கொடுக்காத வண்டிக்கு அடியில் என் பையன்களை நான் விடமாட்டேன்.

மாற்றும்போது ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மாற்றச் சொல்லுங்கள். அரித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸ் சொருகி கிளாம்ப் போடுவது, பற்றவைப்பது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் கிடைக்கும் செப்புக் குழாயை வளைத்து மாட்டுவது எல்லாம் நம் பக்கத்தில் நடக்கிறது. எதுவும் அந்த அழுத்தத்துக்கு ஆனதில்லை. வெறும் செம்பு அதிர அதிர இறுகி விரிசல் விடும். செம்போடு பத்து சதவீதம் நிக்கல் சேர்த்த பிரேக் பைப் என்று தனியாக ஒன்று உண்டு, அது வேறு. வால்வோ கம்பெனி 1976-லேயே அதைப் போட ஆரம்பித்தது, உப்புக்கு அசையாது. கிடைத்தால் தாராளமாகப் போடலாம். கிடைக்காவிட்டால் கம்பெனி பைப்பே போதும், ஒழுங்காகக் கழுவி வைத்தால் பல வருஷம் வரும்.

கழுவுவது என்றதும் ஒரு விஷயம். கடற்கரை வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் வண்டியின் அடியைக் கழுவினால், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிற மாதிரி ஆகிவிடும். வாயில் வைத்துப் பார்த்துக் கரிக்காத நல்ல தண்ணீரில் மாசம் ஒரு தடவை அடியைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விட்டாலும் அங்கே என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வீடு குலசேகரம். ரப்பர் தோட்டத்துக்குப் பழைய ஜீப் ஓடுகிறது. கடலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நானும் இதையெல்லாம் பார்க்கணுமா?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: உப்புக்காக இல்லை, மற்றதற்காகப் பாருங்கள். தோட்டத்துச் சேறு கிளிப் இடுக்கில் அப்பிக்கொண்டு காயவே காயாது, அதுவும் அரிக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேனை ஜீப்பில் ஏற்றுவீர்கள் என்றால் அதுதான் எனக்குக் கவலை. சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு, தரை ஓட்டை வழியாக அடியில் இறங்கியதையும் சேர்த்துக் கழுவிவிடுங்கள்.

பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது? அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். பழசானால் பைப் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், மலை இறக்கத்தில் சூடேறி ஆவி கட்டி பெடலும் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றி, ஏர் எடுத்துவிடுங்கள். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு பழைய கார் பார்த்தேன். 2010 மாடல், விலை குறைவு. அடியில் புதுசாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து, ஆயிலும் ஸ்பிரே செய்து பளபளவென்று வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: விற்பதற்கு முந்தின வாரம் அடித்த கோட்டிங் என்றால் எனக்கு நம்பிக்கை வராது. மேலே சொன்ன ஆம்னி கதை அதுதான். துருவின்மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். கோட்டிங் கெட்டது என்று சொல்லவில்லை. புது வண்டியில், சுத்தமான இரும்பில் அடித்தால் நல்லது.

ஆயில் ஸ்பிரே எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. சர்வீஸ் முடிந்ததும் வேஸ்ட் ஆயிலையோ டீசலையோ அடியில் அடித்துவிடுகிறார்கள். பிரேக் ஹோஸின் ரப்பர் அதில் ஊறி வீங்கும், லைனரில் பட்டால் பிரேக் வழுக்கும்.

வண்டி யார் கையில், எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். ஆர்.சி.யில் முந்தின ஓனர் முகவரி கடற்கரை கிராமமா என்று பாருங்கள். சங்குத்துறை, சொத்தவிளைப் பக்கம் அலை வரைக்கும் காரை இறக்கிப் படம் எடுக்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்புறம் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் பின் ஆக்சில் பக்கத்தில் இரண்டு கிளிப்பைக் கழற்றிப் பார்க்கணும் என்று சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் பழைய ஆல்ட்டோ இருக்கிறது. வளைவில் திரும்பும்போது மீட்டர் பக்கத்தில் இருக்கும் பிரேக் லைட் சிவப்பாக எரிந்து அணைகிறது. போன மாசம் பக்கத்துக் கடைத் தம்பி பிரேக் ஆயில் ஊற்றினார், நின்றது. இப்போது மறுபடி எரிகிறது. இன்னொரு தடவை ஊற்றினால் போதுமா? தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன்.
- ஒரு வாசகி, முட்டம்

பதில்: போதாது தங்கச்சி. பிரேக் ஆயில் மூடின பாதைக்குள் இருப்பது, பெட்ரோல் மாதிரி செலவாகாது. பேட் தேயத் தேய டப்பாவில் அளவு மெல்ல இறங்கும், அது பல மாசத்துக் கணக்கு. ஒரே மாசத்தில் இறங்கிவிட்டது என்றால் எங்கேயோ வெளியே போகிறது. வளைவில் ஆயில் ஒரு பக்கம் சாய்வதால் டப்பாவிலிருக்கும் மிதவை இறங்கி லைட் எரிகிறது. இன்னும் குறைந்தால் நேர் ரோட்டிலும் எரியும்.

வண்டியை நிறுத்திய இடத்தில் வைத்தே ஒன்று செய்து பாருங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், இறுகும். அப்படியே நன்றாக அமுக்கி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால் பைப்போ வீல் சிலிண்டரோ மாஸ்டர் சிலிண்டரோ கசிகிறது. போகாவிட்டாலும் லைட் எரிந்ததை மறந்துவிடக் கூடாது. நாலு சக்கரத்தின் உள்பக்கமும், வண்டிக்கு அடியில் தரையும் ஈரமாக, வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும், கையில் பட்டால் கழுவிவிடுங்கள்.

ஓடும்போது எப்போதாவது பெடல் தரைக்குப் போனால், காலை எடுத்து எடுத்து வேகமாக மிதியுங்கள், கொஞ்சம் பிடிக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வது, ஆயில் இல்லாவிட்டாலும் பிடிக்கும். பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், சட்டென்று முழுதாக இழுத்தால் பின்பக்கம் சறுக்கும். சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஆனால் உங்களுக்கு அந்த நிலைமை வரவே வேண்டாம். வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை முட்டத்துக்கே வரச் சொல்லுங்கள். வந்ததும் பின் சக்கரத்துப் பக்கம் கிளிப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாகும் வரை பிள்ளைகள் பஸ்ஸில் போகட்டும்.