அடக்கும் செல்கள் இருந்தும் மூட்டு ஏன் வீங்குகிறது?

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் 'டி-ரெக்' செல்கள் குறைவதால்தான் இந்த நோய் வருகிறது என்று படித்தேன். அவற்றைக் கூட்ட, எதிர்ப்பு சக்திக்கான மாத்திரை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்தது பாதிதான் சரி.

சொந்த உடலையே தாக்கக் கிளம்பும் செல்களைத் தடுப்பது டி-ரெக் செல்களின் வேலை. இது தொடர்பான கண்டுபிடிப்புகளுக்குத்தான் 2025-இல் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகி, இந்தச் செல்கள் சரிவர இயங்காமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அது மிக அரிது, உங்கள் விஷயம் வேறு.

முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால், டி-ரெக் செல்கள் அங்கே ஏராளமாகவே இருக்கும். பல நேரம் ரத்தத்தில் உள்ள விகிதத்தைவிட அதிகம். ஆள் இருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை. காரணம், சுற்றிலும் இருக்கும் அழற்சி சமிக்ஞைகள். முக்கியமாக இன்டர்லூக்கின்-6. ஒரு இளம் டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) டி-ரெக் ஆக மாறவேண்டிய நேரத்தில் இது குறுக்கே வந்தால், அதே செல் அழற்சியைத் தூண்டும் டிஎச்-17 ஆகிவிடும். அப்புறம், தாக்கும் செல்களையும் இது முரடாக்கிவிடுகிறது, டி-ரெக் அடக்கினாலும் அவை அடங்குவதில்லை. டிஎன்எஃப் என்ற இன்னொரு சமிக்ஞை கொஞ்சம் குழப்பமான பேர்வழி: சில சூழலில் டி-ரெக் செல்களைப் பலவீனமாக்கும், சில சூழலில் வளர்க்கவும் செய்யும்.

உங்கள் ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி என்று ஒரு வரி இருக்குமே, அழற்சி எவ்வளவு என்று காட்டும் புரதம் அது. கல்லீரல் அதைச் சுரப்பதே பெரும்பாலும் இன்டர்லூக்கின்-6 தூண்டுவதால்தான்.

ஆகவே முதலில் அழற்சியைத் தணிக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் அதைத்தான் செய்கிறது. அது போதாதவர்களுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசிகளும், இன்டர்லூக்கின்-6 வழியை அடைக்கும் டோசிலிசுமாபும் உண்டு. டி-ரெக் செல்களையே பெருக்க, இன்டர்லூக்கின்-2 என்ற வேறொரு சமிக்ஞையைக் குறைந்த அளவில் கொடுக்கும் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. கடையில் 'எதிர்ப்பு சக்தி' என்று விற்பவை டி-ரெக் செல்களை மட்டும் தேடிப்பிடித்து வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சில மூலிகைச் சத்துகள் தாக்கும் பக்கத்தையே உசுப்பிவிடலாம்.

காலையில் விரல் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா? அப்படியானால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றவேண்டி வரலாம். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் அப்போது ஆகவே ஆகாது.