சட்ட ஆலோசனை: உங்கள் வழக்கு ஒன்பதாவது வரியில் இருக்கிறது

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். தென்மாவட்டத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக ஒரே கட்சி. எங்கள் தலைவர் ஒரு முன்னாள் அமைச்சர். அவர் மீதான சொத்துக் குவிப்பு வழக்கு முழுக்க முழுக்கப் பழிவாங்கல். மற்றவர்கள் வழக்கெல்லாம் தூங்குகிறது, இவர் வழக்கு மட்டும் தினமும் நடக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் இதைப் பற்றி ஃபேஸ்புக்கில் பதினோரு வரி எழுதினேன். இரண்டாயிரம் பேர் பகிர்ந்தார்கள். இப்போது எனக்கு மட்டும் மதுரை ஹைகோர்ட்டிலிருந்து அவமதிப்பு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜெயலலிதா வழக்கில் ஒரு நீதிபதி குற்றவாளி என்றார், இன்னொருவர் விடுதலை செய்தார், உச்ச நீதிமன்றம் மறுபடி குற்றவாளி என்றது. நீதிபதிகளே மாற்றி மாற்றிச் சொல்லும்போது நான் சொன்னது மட்டும் எப்படிக் குற்றம்? கட்சியில் சீனியர் வக்கீல் வைத்துத் தருகிறோம், விடாதே என்கிறார்கள். கடைசிவரை நடத்திப் பார்க்கலாமா?

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றே கால் பக்கம் உங்கள் தலைவரைப் பற்றியது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், அவருக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது கடைசியில் நீங்கள் பின் அடித்து அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்தான்.

பதினோரு வரியையும் விரல் வைத்து எண்ணிப் படித்தேன். இந்த வழக்குக்கு மட்டும் ஏன் தினசரி விசாரணை, அரசு வக்கீலை ஏன் இரண்டு முறை மாற்றினார்கள், தலைவர் தரப்பு சாட்சிகள் எல்லாரையும் ஏன் விசாரிக்கவில்லை என்று முதல் எட்டு வரியில் கேட்டிருக்கிறீர்கள். கோபம் இருக்கிறது, எழுத்துப் பிழை இருக்கிறது, குற்றம் இல்லை. ஒன்பதாவது வரி: "பெட்டி கைமாறியாச்சு, தீர்ப்பு டெல்லியில் டைப் ஆகியாச்சு, கையெழுத்துதான் பாக்கி." பத்தாவது வரியில் நீதிபதியின் பெயர். பதினோராவது வரியில் தலைவர் வாழ்க.

ஒன்பதும் பத்தும்தான் உங்கள் வழக்கு. உங்கள் தலைவர் நல்லவரா, வழக்கு பொய்யா, விசாரணை நியாயமாக நடக்கிறதா என்று எதையும் உங்கள் பெஞ்ச் விசாரிக்கப் போவதில்லை. வழக்கு நடத்தப்பட்ட விதத்தை விமர்சித்தீர்களா, நடத்துகிற நீதிபதி காசு வாங்கினார் என்றீர்களா? அந்த ஒரு கேள்விதான்.

ஜெயலலிதா வழக்கை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2014 செப்டம்பர் 27 அன்று தனி நீதிமன்ற நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம் என்றார். 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதி குமாரசாமி விடுதலை செய்தார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தீர்ப்பை மீட்டது. அதற்குள் ஜெயலலிதா இறந்துவிட்டதால் மற்ற மூவர்தான் சிறைக்குப் போனார்கள். விடுதலைத் தீர்ப்பு வந்த கையோடு ஒரு விஷயம் வெடித்தது. தீர்ப்பில் வங்கிக் கடன்களை வரிசையாகப் போட்டு, கூட்டுத்தொகை சுமார் 24.17 கோடி என்று எழுதியிருந்தது. கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினால் 10.67 கோடிதான் வருகிறது. 13.5 கோடி அதிகம். அந்தத் தொகையை வருமானத்தில் சேர்த்ததால்தான் வருமானத்துக்கு மேலான சொத்து வெறும் 8.12 சதவீதம் என்று வந்து, கோர்ட் பொறுத்துக்கொள்ளும் பத்து சதவீத வரம்புக்குள் அடங்கியது. சரியாகக் கூட்டினால் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டிவிடும்.

அரசுத் தரப்பு வக்கீல் ஆச்சார்யா இதைப் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகச் சொன்னார். டிவியில் பேசினார்கள், டீக்கடையில் பேசினார்கள், என் குமாஸ்தாவே பேப்பரில் கூட்டிக் காட்டினார். கூட்டல் தப்பு என்று சொல்வது தீர்ப்பைப் பற்றிய பேச்சு. அவமதிப்புச் சட்டம் ஐந்தாவது பிரிவில், முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று எழுதியே இருக்கிறது. அந்தத் தப்பை எதற்காகச் செய்தார், யார் கொடுத்து வாங்கினார் என்று ஆதாரம் இல்லாமல் அடுத்த வரி எழுதியிருந்தால் அது வேறு வழக்கு. நீங்கள் எழுதியது அந்த அடுத்த வரியைத்தான். அதுவும் தீர்ப்பே வராத வழக்கில்.

விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்றால் என்னதான் செய்வது என்று மூன்றாம் பக்கத்தில் கேட்கிறீர்கள். அதற்கும் அதே வழக்கில் பதில் இருக்கிறது. ஜெயலலிதா மறுபடி முதல்வரான பிறகு 76 சாட்சிகளை மீண்டும் கூப்பிட்டார்கள், 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வக்கீல் அதைத் தட்டிக் கேட்கவில்லை. திமுக பொதுச்செயலாளர் அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், பதிவேட்டில் இருக்கும் இந்த விவரங்களை வைத்தே மாற்றல் மனு போட்டார். அரசியல் எதிரிதானே, உங்களுக்கென்ன என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்குப் போனது. எந்த நீதிபதியையும் யாரும் விலை பேசியதாகச் சொல்ல வேண்டிய அவசியம் அங்கே வரவில்லை. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 406-வது பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 446. ஹைகோர்ட்டுக்குப் போவதென்றால் 447.

"தலைவர் பெருந்தன்மையால் மாற்றல் மனு போடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை இரண்டு தடவை படித்தேன். சிறைக்குப் போகக்கூடியவர் அவர். எட்டு மாதமாக அவருடைய வக்கீல்கள் அதே நீதிபதி முன்னால் நின்று வாய்தா வாங்குகிறார்கள், குறுக்கு விசாரணை செய்கிறார்கள். அந்த நீதிபதி மேல் நம்பிக்கை இல்லை என்று ஒரு தாள் கூடத் தாக்கல் செய்யவில்லை. அவரே சொல்லாததை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்து நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

மற்றவற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். பகிர்ந்த இரண்டாயிரம் பேரை ஏன் விட்டார்கள் என்பது உங்களுக்கான தற்காப்பு இல்லை, அவர்கள் படவேண்டிய கவலை. அரசுத் தலைமை வழக்கறிஞரின் சம்மதம் இல்லாததால் நோட்டீஸ் செல்லாது என்று நண்பர் சொன்னாராம். விசாரணை நீதிபதியே ஹைகோர்ட்டுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார் என்று நீங்கள் அனுப்பிய நகலில் இருக்கிறது, அதனால் அந்தச் சம்மதம் தேவையில்லை. ஒரு வருடக் காலவரம்பும் உதவாது, பதிவுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. நான் சொன்னது உண்மை என்று நிரூபிப்பேன் என்கிறீர்கள். 2006-ல் இருந்து பொதுநலனுக்காக, நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மை தற்காப்புதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது கட்சி வாட்ஸ்அப் குரூப்பில் வந்த நாற்பது செகண்ட் ஆடியோ. யார் பேசியது, யார் பதிவு செய்தது? அதற்குச் சாட்சியச் சட்டப்படி மின்னணுச் சான்றிதழ் யார் தருவார்? குரூப் அட்மினா?

ஒன்று மட்டும் பாக்கி. நிஜமாகவே அப்படி ஒரு தகவல் கையில் இருந்திருந்தால், அதை உறையில் போட்டு ஹைகோர்ட் பதிவாளருக்கு அனுப்பியிருக்கலாம். கீழ்க்கோர்ட் நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்குச் சொல்வது அவமதிப்பே ஆகாது என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. இது கட்சிக்காரர்கள் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும் உறைக்கு லைக் விழாது.

சரி, இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டத்தில் அதிகபட்சம் ஆறு மாதம், இரண்டாயிரம் ரூபாய். ஆனால் நான் பார்த்தவரை பதிவை எழுதியதற்காக மாட்டியவர்களைவிட, நோட்டீஸ் வந்த பிறகு செய்த காரியத்தால் மாட்டியவர்கள்தான் அதிகம்.

முதல் ஆபத்து, கட்சி தருகிற வக்கீல். அவர் திறமைசாலியாகவே இருக்கட்டும். ஃபீஸ் யார் கொடுக்கிறார்களோ அவர்களுடைய வழக்கைத்தான் அவர் உங்கள் வாய்தாவில் பேசுவார். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கவுன்சிலருக்கு இப்படி நடந்தது. முதல் வாய்தாவிலேயே மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். கட்சி அனுப்பிய வக்கீல் நாற்பது பக்க எதிர்மனு போட்டார். அதில் முப்பத்தைந்து பக்கம் தலைவருக்கு நடந்த கொடுமை. மறுநாள் தினசரிகளில் அதுதான் செய்தி, கட்சிக்கு வேண்டியதும் அதுதான். பெஞ்சில் மூத்த நீதிபதி அந்த மனுவை மேஜையில் வைத்துவிட்டு, "இதை எழுதியது நீங்கள்தானே?" என்று கவுன்சிலரையே கேட்டார். அவர், "ஆமாங்கய்யா, ஆனால்..." என்றார். அந்த 'ஆனால்' ஒன்றரை வருடம் இழுத்தது. இரண்டாவது வருடம் அந்த வக்கீல் வரவில்லை, ஜூனியர் வந்து வாய்தா கேட்டார். கடைசியில் மன்னிப்பு மனுவை நான்தான் எழுதிக்கொடுத்தேன். முதல் நாளே தந்திருந்தால் ஒரு தாளில் முடிந்திருக்கும்.

இரண்டாவது ஆபத்து, அக்கவுண்ட்டை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று அபிடவிட் போடுவது. தயவுசெய்து இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் சத்தியம் செய்திருந்தார். எதிர்த்தரப்பு ஸ்கிரீன்ஷாட்டில் அதே பதிவுக்குக் கீழே அவருடைய அண்ணி "சூப்பர் தம்பி" என்று எழுதியிருந்தார். நாலு நிமிஷம் கழித்து அதே அக்கவுண்ட்டிலிருந்து "நன்றி அண்ணி" என்று பதில். ஹேக் செய்தவருக்கு அண்ணியை எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டபோது கோர்ட் ஹாலே சிரித்தது. பொய் அபிடவிட்டுக்குத் தனியாக நடவடிக்கை வந்தது. அவமதிப்பிலாவது மன்னிப்பு என்று ஒரு கதவு இருக்கிறது. பொய்ச் சத்தியத்தில் அந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்காது.

மூன்றாவது, நோட்டீஸையே படம் எடுத்து "உண்மையைச் சொன்னதற்குப் பரிசு" என்று போடுவது. நீங்கள் இன்னும் போடவில்லை என்று நம்புகிறேன். போட்டிருந்தால் என்னிடமல்ல, உங்கள் வக்கீலிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

நீதிபதிகளைப் பற்றி ட்வீட் போட்ட வக்கீல் பிரசாந்த் பூஷணுக்கு ஒரு ரூபாய் அபராதம்தானே என்று கேட்கிறீர்கள். 2020 ஆகஸ்டில் அது நடந்தது உண்மை. கட்டாவிட்டால் மூன்று மாதம் சிறை, மூன்று வருடம் உச்ச நீதிமன்றத்தில் தொழில் செய்யத் தடை என்றும் அதே உத்தரவில் இருந்தது. அவர் கட்டினார். அவர் உச்ச நீதிமன்றத்தில் பல பத்தாண்டுகள் நின்றவர், அந்தச் சலுகை விலை உங்களுக்குக் கிடைக்காது. உங்களுக்குப் பக்கத்து உதாரணம் மதுரைக் கிளையிலேயே இருக்கிறது. நீதித்துறையில் ஊழல் என்று பேட்டி கொடுத்த சவுக்கு சங்கருக்கு 2022 செப்டம்பரில் அங்கே ஆறு மாதம் கொடுத்து உடனே சிறைக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது நவம்பரில்தான். அதற்குள் உள்ளே கழிந்த நாட்களை யாரும் திருப்பித் தரவில்லை. இன்னொரு பக்கம், 2018-ல் ஹைகோர்ட்டைப் பற்றித் தகாத வார்த்தை பேசிய எச். ராஜா நேரில் வந்து நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டார், வழக்கு முடிந்தது. அரசியல்வாதிகளிடம் கற்றுக்கொள்ள இது ஒன்றாவது இருக்கிறது.

ஆகவே என் பதில்: நடத்தாதீர்கள், முடியுங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான். "குறிப்பிட்ட தேதியில் என் பக்கத்தில் அந்தப் பதிவை நான்தான் எழுதினேன். நீதிபதி மீது அதில் சொன்னதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அது தவறு. இந்த நீதிமன்றத்திடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்கிறேன். இனி இப்படி எழுத மாட்டேன்." தலைவர் பெயர் வரக்கூடாது. பழிவாங்கல் என்ற சொல் வரக்கூடாது. "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" வரவே கூடாது. நிபந்தனை இருக்கிறது என்பதற்காக மட்டும் மன்னிப்பை நிராகரிக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு விளக்கம் இருப்பது உண்மைதான். அதை நம்பிக் கோர்ட் ஹாலுக்குள் போனவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவை நீக்குங்கள், நீக்கியதையும் அபிடவிட்டில் சொல்லுங்கள். மன்னிப்பை அதே பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி போடுங்கள். நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்துப் போடாதீர்கள். 2024-ல் தவறான விளம்பரங்களுக்காக பதஞ்சலி நிறுவனம் மீது நடந்த அவமதிப்பு வழக்கில் மன்னிப்பு விளம்பரம் போட்டோம் என்று வந்தவர்களிடம், உங்கள் வழக்கமான விளம்பரம் அளவுக்கு இது பெரிதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. மன்னிப்பு கட்டாயம் ஏற்கப்படும் என்று நான் உறுதி தரமாட்டேன். எவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்களோ அவ்வளவுக்கு வாய்ப்பு.

வாய்தா அன்று நேரில் போயே ஆகவேண்டும், கடைச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கரை வேட்டி வேண்டாம், கூட்டம் சேர்த்துக்கொண்டு போகவும் வேண்டாம். அதற்கு முன்னால் மதுரையிலேயே, உங்கள் காசில், எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு வக்கீலைப் பாருங்கள். போகும்போது நோட்டீஸோடு அந்தப் பதிவையும், அதற்குக் கீழே வந்த எல்லாக் கமெண்ட்டையும், நீங்கள் போட்ட எல்லாப் பதிலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். அண்ணிக்குச் சொன்ன நன்றி ஏதாவது இருந்தால், அதையும்.