கிறிஸ்டீன் அரோன்: கேள்வி பதில்

கே: பிரான்சின் அரோன் எந்த ஓட்டத்தால் பெயர் பெற்றார்?

ப: 1998 ஆகஸ்டில் புடாபெஸ்ட் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், 100 மீட்டர் இறுதி. 10.73 விநாடி, காற்று +2.0, அதாவது பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசிய காற்று; அதற்கு மேல் போனால் சாதனை செல்லாது. இரண்டாவதாக வந்த ரஷ்யாவின் இரினா பிரிவலோவாவுக்கு 10.83. அதுவரை ஐரோப்பிய சாதனையான 10.77 அதே பிரிவலோவாவுடையது. 10.73 கால் நூற்றாண்டு தாண்டியும் முறியவில்லை. நேரத்தை எழுதும்போது காற்றையும் சேர்த்து எழுதுங்கள். காற்றைக் குறிக்காத நேரம் பாதித் தகவல்தான்.

கே: மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் இவர்தானே?

ப: இல்லை, அது மாரி-ஜோஸ் பெரெக். 1992-இல் 400 மீ., 1996-இல் 200 மீ., 400 மீ. இருவரும் குவாதலூப்பில் பிறந்தவர்கள் என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கே: அரோனுக்கு ஒலிம்பிக் தங்கம்?

ப: கிடையாது. 2004 ஏதென்ஸில் 4×100 தொடரோட்ட வெண்கலம் உண்டு.

கே: +2.0 எல்லைக்கோடு. உண்மையில் 2.04 அடித்திருந்து, அதை 2.0 ஆக்கியிருப்பார்கள். சாதனை செல்லாது சார்.

ப: இப்படித்தான் பலர் தடுமாறுகிறார்கள். காற்று அளவை நாம் பள்ளியில் படித்தபடி முழுமையாக்குவதில்லை. இரண்டாவது தசமம் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், நேர்த்திசையில் அடுத்த பத்தில் ஒன்றுக்குத் தள்ளுவார்கள். 2.04 இருந்தால் 2.1 ஆகிவிடும், சாதனை விழுந்திருக்கும். ஆக, பலகையில் 2.0 என்று வந்தால் அசல் அளவு 1.91-க்கும் 2.00-க்கும் இடையில்தான்.

காற்றுமானி முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டரில், முதல் பாதையை ஒட்டி, 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். துப்பாக்கிச் சத்தத்திலிருந்து 10 விநாடிக்குச் சராசரி எடுக்கும். கடைசி 0.73 விநாடிக் காற்று கணக்கிலேயே இல்லை! +2.0 காற்று பெண்கள் 100 மீட்டரில் ஏறக்குறைய 0.1 விநாடி மிச்சப்படுத்தும். காற்றே இல்லாவிட்டாலும் 10.8-ஐ ஒட்டித்தான் ஓடியிருப்பார்.

கே: அப்படியானால் பெண்கள் 100 மீட்டர் உலக சாதனையான, அமெரிக்காவின் கிரிஃபித் ஜாய்னரின் 10.49-ஐயும் ஏற்கிறீர்களா? அங்கே காற்று 0.0 அல்லவா?

ப: நல்ல கொக்கி. 1988 இண்டியானாபோலிஸில் அந்த ஓட்டத்துக்கு மானி 0.0 காட்டியது, அருகில் மும்முறைத் தாண்டலின் மானி அதே நேரத்தில் +4.3 காட்டியது. மானி கோளாறு என்பதே என் கருத்து. அதற்கும் புடாபெஸ்ட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். விதிக்குள் வந்த அளவு வேறு, நம்ப முடியாத அளவு வேறு.

கே: பிரிவலோவாவுக்கும் அதே காற்றுதானே? பிறகு ஏன் அரோனை மட்டும் குறை சொல்கிறார்கள்?

ப: அதைக் குறை சொல்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கே: ஒலிம்பிக்கில் தங்கம் எத்தனை?

ப: மேலே சொல்லியாயிற்று.

கே: 2003 தொடரோட்டத்தில் எப்படி அமெரிக்காவைப் பிடித்தார்?

ப: செயின்ட் டெனிஸ் உலக சாம்பியன்ஷிப். பத்ரிசியா ஜிரார், முரியல் உர்த்திஸ், சில்வியான் ஃபெலிக்ஸ், கடைசியில் அரோன். 41.78, அமெரிக்காவுக்கு 41.83. அமெரிக்காவின் டோரி எட்வர்ட்ஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தார், நேர்பாதையில் அரோன் தாண்டினார். அதைச் சாத்தியமாக்கியது தடி நிற்காமல் நகர்ந்ததும்தான். அன்றைய விதிப்படி தடியைக் கைமாற்றும் பகுதி 20 மீட்டர், அதற்கு முன் 10 மீட்டர் வேகமெடுக்கும் இடம். இப்போது எல்லாம் சேர்த்து 30 மீட்டர். எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது தடியை, ஓடுபவரின் காலை அல்ல.

கே: பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடி கொடுக்கப் பழக்குகிறேன். எந்தக் கையில் சார்?

ப: முதல் ஆள் வலது, இரண்டாம் ஆள் இடது, மூன்றாவது வலது, நான்காவது இடது. வளைவில் ஓடுகிற முதலாமவரும் மூன்றாமவரும் தடியை வலக்கையில் வைத்தால் பாதையின் உள்விளிம்பை ஒட்டி ஓடலாம். வாங்குகிறவர் தன் இடத்திலிருந்து பின்னோக்கித் தன் பாதத்தால் அடி அளந்து, ஒட்டுநாடாவால் குறி போடட்டும். வருகிறவர் அதை மிதித்ததும் கிளம்பணும். முதலில் 20 அடி வைத்துப் பாருங்கள். முழு வேகத்துக்கு முன்பே தடி முதுகில் இடித்தால் குறியைத் தள்ளி வையுங்கள், எட்டாமல் போனால் கிட்டே இழுங்கள். ஒரு சமயத்தில் ஒரு அடிக்கு மேல் மாற்றாதீர்கள். போட்டி நாளில் பதற்றத்தில் பிள்ளைகள் முந்திக் கிளம்புவார்கள், அதற்காகக் குறியை மாற்றிவிடாதீர்கள்.