“நான் அப்போதே சொன்னேனே”

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கையை நானும் சக ஊழியர் ஒருவரும் சேர்ந்து தயாரிக்கிறோம். விவரங்களைத் திரட்டித் தருவது அவர் வேலை, தொகுத்து எழுதுவது என் வேலை. போன மாதம் கடைசி நாள் மாலை வரை அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து நானே திரட்டி அனுப்பினேன். இரண்டு எண்கள் தப்பு. மறுநாள் கூட்டத்தில் மேலாளர் கேட்டதும், “நான் அப்போதே சொன்னேனே சார், அவங்கதான் அவசரப்பட்டு அனுப்பிட்டாங்க” என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. இது மூன்றாவது முறை. சண்டை போடுவதா, புகார் கொடுப்பதா?

எம்.

அன்புள்ள எம்.,

வாயடைத்ததும் நல்லதற்குத்தான். கூட்டத்தில் இருவர் மாறி மாறிக் கைகாட்டினால், பார்க்கிறவருக்கு இருவரும் ஒன்றுதான்.

“இரவெல்லாம் உட்கார்ந்து நானே” என்ற இடத்தைத் திரும்பப் படித்தேன். அவர் தராதது அந்த இரவோடு மறைந்துவிட்டது. காலையில் மேசைமேல் இருந்தது உங்கள் அறிக்கையும் இரண்டு தப்பான எண்களும்தான். அவர் தாமதத்தை மூடி மறைத்தது நீங்கள்தான். (நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். பழியைத் தள்ளியும் இருக்கிறேன். கேட்டவர் குரலை உயர்த்தியதும் வாய் முந்திக்கொண்டது.)

“அப்போதே சொன்னேனே” என்பதை அவர் உண்மையாகவே நம்பலாம். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், 37 தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலும் இருவர் கணக்கையும் கூட்டினால் நூறைத் தாண்டியது. அவரவர் செய்தது அவரவருக்குச் சுலபமாக நினைவுக்கு வருகிறது. ஆனால் மூன்று முறை என்றால் ஞாபகப் பிசகு என்று நான் விடமாட்டேன்.

புகாருக்கு முன் ஒருமுறை தனியாகப் பேசுங்கள். “நீங்க எப்பவும் இப்படித்தான்” வேண்டாம். “அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் விவரம் எனக்கு வரல. நான் அவசரப்பட்டேன்னு ஏன் சொன்னீங்க?” அவ்வளவுதான். பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டியவர் அவர். ஒருவேளை அவர் கழுத்தை நெரிக்கும் வேறு வேலை ஏதாவது இருப்பதும் அப்போது தெரியவரலாம்.

அடுத்த மாதம் வேலை தொடங்கும்போதே இரண்டு வரி அனுப்பிவையுங்கள்: “பேசியபடி வியாழன் மதியத்துக்குள் விவரம் தருகிறீர்கள், வெள்ளி காலை நான் முடிக்கிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.” வியாழன் தாண்டினால் அதே மின்னஞ்சலில் மேலாளரையும் சேர்த்து, “விவரம் இன்னும் வரவில்லை. அறிக்கை ஒரு நாள் தள்ளிப்போகட்டுமா, அந்தப் பகுதி இல்லாமல் போகட்டுமா?” என்று கேளுங்கள். பதில் வரும் வரை அந்தக் கட்டங்களை நிரப்பாதீர்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும், கை துறுதுறுக்கும்.

அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மேலாளரிடம் தேதிகளோடு போங்கள். அந்த இரண்டு எண்கள் மட்டும் உங்களுடைய தப்பு. அவர் பெயரை எடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.