குளமில்லாத தோட்டத்தில் தவளைக் குஞ்சு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தின் அருகில் குளமோ ஓடையோ இல்லை. ஆனாலும் மழை விட்ட அந்தி நேரத்தில் மிளகுக் கொடிகளிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒலி வருகிறது. வேலைக்கு வருபவர்கள் சில்வண்டு என்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தவளை ஒன்று இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் அது எப்படிக் குஞ்சு பொரிக்கிறது?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: தாங்கள் எழுதியிருக்கும் அளவும் ஒலியும் புதர்த் தவளைக்குப் பொருந்துகின்றன. தென்னிந்திய மலைக்காடுகளில் வாழும் இத்தவளைகளில் பெரும்பாலானவை 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத் தட்டுகள் உண்டு. குரல் கொடுப்பது ஆண் மட்டுமே. இவற்றில் பல இனங்களை உள்ளடக்கிய ‘ராவோர்செஸ்டஸ்’ என்ற பேரினத்துக்கு, பெங்களூரில் பணியாற்றிய விலங்கியல் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவின் நினைவாக 2010இல் அப்பெயர் இடப்பட்டது.

இவற்றுக்குக் குளம் தேவைப்படாததற்குக் காரணம், நீரில் நீந்தித் திரியும் தலைப்பிரட்டைப் பருவமே இவற்றுக்குக் கிடையாது என்பதுதான். பெண் தவளை, இனத்துக்கு ஏற்ப, ஈர இலையின் மீதோ சருகுக்கு அடியிலோ மண்ணிலோ முட்டையிடுகிறது. முட்டைக்குள் இருக்கும் கருவுணவை உண்டே வளர்ச்சி முழுவதும் நடந்து, நான்கு கால்களும் உருவான சின்னஞ்சிறு தவளையாகவே குஞ்சு வெளியே வருகிறது.

இவற்றுள் என்னை மிகவும் வியக்க வைப்பது, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் வாழும் ஒரு பச்சை நிறப் புதர்த் தவளை. 1876இல் விவரிக்கப்பட்ட பின் 130 ஆண்டுகளுக்கும் மேலாக அது அறிவியலாளர் கண்ணில் படாமல் இருந்து, 2011இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மெல்லிய மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடையே உள்ள சிறு பிளவின் வழியாக அது உள்ளே நுழைகிறது. முட்டைகள் மூங்கிலின் உட்சுவரில் ஒட்டிக்கிடக்க, அவற்றைக் காப்பது தாயன்று, தந்தை. ஆண் தவளை முட்டைகளுடனேயே தங்கி, மாலையில் சிறிது நேரம் மட்டும் இரை தேடி வெளியே போகிறது. காவல் இல்லாத முட்டைகளை அதே இனத்தின் வேறு ஆண்கள் தின்றுவிடுவதுண்டு. மூங்கிலை வெட்டி எடுக்கும்போது இந்த வீடும் சேர்ந்தே போய்விடுகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: ஏற்காட்டுப் புதர்த் தவளையைச் சேலத்துக்குக் கொண்டுவந்து வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். தவளை தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சு விடுவதிலும் தோலுக்குப் பங்குண்டு. முட்டைக்கும் ஓடு கிடையாது, மெல்லிய கூழ்ப் படலம் மட்டுமே. சேலத்துக் கோடையில் இவை எளிதில் உலர்ந்துவிடும். சமவெளியின் வெப்பம் சுற்றிலும் வேலி போட்டிருப்பதால், 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டின் ஈரத்துக்குப் பழகிய ஒரு சிறு தவளை, தானாக இறங்கி நடந்து கொல்லிமலைக்கோ கல்வராயன் மலைக்கோ போய்ச் சேர முடியாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அதற்கு ஏற்ற இடம் அழிந்தால், போக வேறிடம் இல்லை.

ஆகவே தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காபிச் செடியின் அடியில் விழுந்த சருகைக் கூட்டி எரிக்காதீர்கள், அது மண்ணின் ஈரத்தைக் காத்துச் செடிக்கும் நன்மை செய்கிறது. சில்வர் ஓக்கை மட்டுமே நம்பாமல், அடர்ந்த நிழல் தரும் நாட்டு மரங்களையும் விட்டுவையுங்கள். மழைக்காலத்தில் களைக்கொல்லி தெளிப்பதைக் கூடியவரை தவிருங்கள். அந்த மருந்து தவளையின் தோலில் நேராகவே இறங்கும்.

கேள்வி: ஒரு புதர்த் தவளை எந்த இனம் என்பதை எப்படி அறிவது?
– ஆசிரியை, செம்மடுவு

பதில்: பிடிக்கத் தேவையில்லை. ஒரே நிறத்தில் பல இனங்களும், ஒரே இனத்தில் பல நிறங்களும் இருப்பதால் உருவத்தைவிடக் குரலே நம்பகமானது. கைப்பேசியில் ஒரு நிமிடம் குரலைப் பதிவு செய்து, தேதி, நேரம், தவளை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, எந்தச் செடியில் இருந்தது என்பவற்றையும் குறித்து அனுப்பினால் ஆய்வாளர்களுக்கு அது பெரிதும் உதவும்.