பெண்ணுரிமைக்காக உலக அளவில் உழைத்த பெண் தூதர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

லெட்டீசியா ராமோஸ் ஷஹானி. பிலிப்பைன்ஸ்காரர், பின்னாளில் அந்நாட்டு அதிபரான ஃபிடல் ராமோஸின் தங்கை. (ஷஹானி என்ற பெயர் வந்தது கணவர் வழியில், அவர் இந்திய எழுத்தாளர்.)

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைக் கண்டித்து ஐ.நா. 1967லேயே ஒரு பிரகடனம் வெளியிட்டிருந்தது. ஆனால் பிரகடனத்தை ஒரு நாடு காற்றில் பறக்கவிட்டால் கேட்க நாதி கிடையாது. நாடுகளைச் சட்டப்படி கட்டிப்போட ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று 1974ல் ஐ.நா.வின் பெண்கள் நிலை ஆணையத்தில் வரைவை வைத்தது பிலிப்பைன்ஸ், எழுதியவர் ஷஹானி. சோவியத் யூனியனும் தன் பங்குக்கு ஒரு வரைவோடு வந்தது. அது பனிப்போர்க் காலம், பிலிப்பைன்ஸோ அமெரிக்காவின் கூட்டாளி. இருந்தும் இரண்டு தரப்பும் உட்கார்ந்து இரண்டு வரைவையும் ஒன்றாக்கினார்கள்! அப்புறம் வருடக்கணக்கில் இழுத்து, 1979 டிசம்பர் 18 அன்று பொதுச்சபையில் 130 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை, 10 நாடுகள் மட்டும் நழுவிக்கொண்டன.

அவருடைய சாமர்த்தியம் நன்றாகத் தெரிவது 1985ல் ஐ.நா. நைரோபியில் நடத்திய உலகப் பெண்கள் மாநாட்டில்தான் என்பேன். மெக்சிகோ, கோபன்ஹேகன் என்று அதற்கு முன் நடந்த இரண்டு பெண்கள் மாநாடுகளும் அரசியல் சண்டையில் பிளவுபட்டு வாக்கெடுப்பில் போய் முடிந்தவை. நைரோபிக்கு ஷஹானிதான் பொதுச்செயலாளர். அங்கேயும் சியோனிசம் (யூதர்களுக்குத் தனிநாடு வேண்டும் என்ற இயக்கம்) என்பதை இனவெறியோடு சேர்த்து எழுதுவதா என்று அந்த ஒரே சொல்லில் எல்லாம் சிக்கி நின்றது. கடைசியில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'மற்ற எல்லா வகை இனவெறியும்' என்று போடலாம் என்று கென்யா சொன்ன சமரசத்தால் ஆவணம் ஒருமனதாக நிறைவேறியது.

சரி, இந்தக் காகிதங்களால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த 1979 ஒப்பந்தத்தின் 11வது பிரிவு, கல்யாணமானதற்காகவோ கர்ப்பமானதற்காகவோ ஒரு பெண்ணை வேலையைவிட்டு நீக்குவதைத் தடை செய்யச் சொல்கிறது. அது நிறைவேறிய அதே 1979ல்தான், கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி கேட்க வேண்டும், அதன் பிறகு வேலையை விடச் சொன்னாலும் விட வேண்டும் என்று பெண் அதிகாரிகளுக்கு மட்டும் இருந்த விதியை எதிர்த்து, இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றப் படியேறியிருந்தார். இந்தியா 1993ல் ஒப்பந்தத்தை ஏற்றது. 1997 விசாகா வழக்கில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு இங்கே தனிச் சட்டமே இல்லாத நிலையில், உச்ச நீதிமன்றம் இந்த ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டித்தான் எல்லா வேலையிடங்களுக்கும் நெறிமுறைகள் போட்டது. அதற்கான சட்டம் வர 2013 ஆனது, அதுவரை பெண்கள் கையில் இருந்தது அந்த நெறிமுறைகள்தான்.