பேச்சுதானே, நாங்களே பேசினால் போதாதா?

"மகளுக்குக் குழந்தை பிறந்து ஏழு வாரம். என்னோடுதான் இருக்கிறாள். சும்மா சும்மா அழுகிறாள், குழந்தை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கமில்லை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்கிறாள். 'நாங்களெல்லாம் பெற்று வளர்க்கவில்லையா' என்று தைரியம் சொல்லிப் பார்த்துவிட்டேன். டாக்டர் கவுன்சலிங் போகச் சொல்கிறார். பேச்சுதானே, நாங்களே பேசினால் போதாதா?"
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திண்டுக்கல்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நீங்கள் தைரியம் என்று சொன்னது அவள் காதில் குற்றச்சாட்டாக விழுந்திருக்கும். எல்லோருக்கும் முடிந்தது தனக்கு முடியவில்லை என்றுதானே அவளே நினைத்து மருகுகிறாள்.

பிரசவம் ஆன புதிதில் வருகிற அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஏழு வாரம் என்றால் அது பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டர் சொன்னதைக் கேட்பதுதான் சரி.

கவுன்சலிங்கில் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட மாட்டார்கள். 'குழந்தை அழுதது, அப்போ நான் நல்ல அம்மா இல்லை' என்று அவள் மனசு ஒரே தாவாகத் தாவுகிறதே, அந்தத் தாவலை அவளே கவனித்து நிறுத்தப் பழக்குவார்கள். இன்னொரு முறையில், வேலையை விட்டது, கணவரோடு பேச்சு குறைந்தது என்று உறவுப் பக்கமிருந்து பிடிப்பார்கள். பேசுகிறவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 2008இல் வந்த முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது அவர்கள் பேசிய தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சமிருந்தது, அந்தப் பயிற்சி இல்லாத பணிப்பெண்கள் போய்ப் பார்த்த தாய்மாரில் 53 சதவீதம். பயிற்சிதான் அங்கே வித்தியாசம்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது, பேச்சைவிடப் பெரிய வேலை. ராத்திரி குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்க விடுங்கள். பார்க்க வருகிறவர்கள் 'பால் பத்துதா' என்று ஆரம்பித்தால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாப்பிள்ளை வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனால் போதாது, ஒரு தடவையாவது கவுன்சலிங்குக்குக் கூடப் போகட்டும். மாத்திரை எழுதினாலும் பயப்படாதீர்கள், பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடியவை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். சுற்றிப் போடுவதென்றால் போடுங்கள், அப்பாயின்ட்மென்ட்டை மட்டும் அதற்காகத் தள்ளாதீர்கள்.

செத்துப்போகலாம் போலிருக்கிறது, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று சொன்னாலோ, யாரோ பேசுவது கேட்கிறது என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவளையும் குழந்தையையும் தனியாக விடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மற்றபடி மனசு தாங்காத ராத்திரிகளில் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். அவள் மட்டுமில்லை, நீங்களும் கூப்பிடலாம்.